ஸ்டிக்கர் கோலத்துக் கிளியம்மாள்

தாம்பரம் மேற்கில், சண்முகம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாவு மில்லுக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே லோகநாதனின் ஸ்கிரீன் பிரிண்டிங் கடை இருந்தது. எண்பத்தைந்து, எண்பத்தாறு வாக்கில் நடந்த கதை இது. கல்யாணப் பத்திரிகை, லெட்டர் பேடு, ஆட்டோ கண்ணாடியில் ஒட்டுகிற சாமி படம், ஸ்கூட்டர் நம்பர் பிளேட் என்று எது கேட்டாலும் அடித்துக் கொடுப்பான். மில்லில் மிளகாய் அரைக்கிற நாளில் மட்டும் வேலை நடக்காது. தும்மல் வந்தால் கை அசையும். கை அசைந்தால் மாப்பிள்ளை பெயர் இரட்டையாக விழும்.

அவன் மனைவி கிளியம்மாள் முதலில் மதியச் சோறு கொண்டுவருகிறவளாகத்தான் கடைக்கு வந்தாள். தாள் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லையென்று ஒருநாள் உட்கார்ந்தவள், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. முடிச்சூரில் பிறந்தவள். அப்பா தசரதன் நெல் வயலில் வெள்ளைக் கல் நட்டு மனை போட்டு விற்றபோது, அந்த லேஅவுட் படத்தைப் பெரிய தாளில் திருத்தமாக வரைந்து கொடுத்தது அவள்தான். நேர்கோடு போட அவளுக்கு ஸ்கேல் வேண்டாம். கடையில் பிள்ளையார் படமோ, குத்துவிளக்குப் படமோ தேவைப்பட்டால் லோகநாதன் ரெடிமேட் படங்கள் இருக்கிற பார்டர் தாளைத் தேடிப் போகமாட்டான். "கிளி, ஒரு வெளக்கு போட்டுக் குடு" என்பான். அவள் போட்டுக் கொடுப்பாள். அதைத் தொழில் என்று அப்போது இருவருமே நினைக்கவில்லை.

சேலையூர் பக்கம் அந்தச் சமயத்தில்தான் மாடி மாடியாகக் குடியிருப்புகள் எழும்பிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றில் மூன்றாவது மாடிக்கு, ஒரு கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் காட்டுவதற்காகக் கிளியம்மாள் காலையிலேயே போனாள். படியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் தோத்தாத்ரி என்ற பெரியவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், நனைந்த வேட்டியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"தினமும் காத்தால என் தலைல அபிஷேகம் பண்ணணும்னு வேண்டுதலா? வழுக்கி விழுந்தா யார் பொறுப்பு?"

மேலே, பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்த அம்மாள் கையில் துடைப்பத்தோடு நின்றாள். "வாசல் தெளிச்சு கோலம் போடாம எப்படி சார் இருக்கிறது? கல்யாணம் நடக்கப்போற வீடு."

"இது வாசல் இல்லம்மா. இது மாடிப்படி. காமன் ஏரியா!"

கிளியம்மாள் இருவருக்கும் நடுவில் படியில் நின்றாள். பத்திரிகை மாதிரி நனையாமலிருக்க அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தாள். அந்த அம்மாள் சொன்னதும் நியாயம், பெரியவர் சொன்னதும் நியாயம் என்றே அவளுக்குப் பட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அதே நினைப்பு. கடைக்கு வந்ததும் மேஜை ஓரத்தில் கிடந்த நம்பர் பிளேட் ஸ்டிக்கர் தாளை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, இதுல கோலத்த அடிச்சா என்னா?"

லோகநாதன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "கோலத்த போயி யாரு துட்டு குடுத்து வாங்குவாங்க? எல்லா வூட்லயும் மாவு கீது, கையும் கீது."

"மாவு கீது, கை கீது. வாசல்தான் இல்ல."

அவன் சிரித்தான். ஆனாலும் சாயங்காலம் வேலை முடிந்ததும், கோலம் அடிக்கச் சட்டத்தில் துணி இழுத்து ஒரு பிரேம் கட்டிக் கொடுத்தான்.

முதலில் சிவப்புத் தாளில் வெள்ளை மையால் சதுரமாக அடித்தார்கள். சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தால் தபால் ஆபீஸ் போர்டு மாதிரி இருந்தது. தரை தெரிகிற மாதிரி இருக்கட்டும் என்று நிறமில்லாத தாளில் அடித்துப் பார்த்தாள். சிமென்ட் தரையில் அழகாகத்தான் இருந்தது. சேலையூர் மாடிக்கு எடுத்துப்போய் மொசைக் தரையில் வைத்தால் கோலம் காணாமல் போய்விட்டது; வெள்ளைத் தரையில் வெள்ளைக் கோடு. கிளியம்மாள் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். கோலத்துக்குக் காவி கட்டுகிறோமே, அந்தக் காவி எங்கே என்று அப்போதுதான் உறைத்தது. மறுபடியும் சிவப்புத் தாள். ஆனால் இந்தத் தடவை சதுரமாக விடாமல், கோலத்தின் வெளிக்கோட்டைச் சுற்றி ஒரு விரற்கடை விட்டு, பிளேடால் வளைத்து வளைத்து வெட்டினாள். மொசைக்கின் மேல் வைத்தபோது அது தாளாகத் தெரியவில்லை. காவி கட்டின கோலமாகத் தெரிந்தது.

கல்யாண வீட்டு அம்மாள் முகத்தைச் சுளித்தாள். "தினம் தினம் புதுசா போடறதுதானேம்மா கோலம்? ஒட்டி வெச்சா அது படம்." சொன்னதிலும் தப்பில்லை. அன்றைக்கு அதை வாங்கியது தோத்தாத்ரிதான். ஒன்று தன் வீட்டுக்கு, ஒன்று மேல்வீட்டுக்கு. "இந்தாங்கோ, பொண்ணு கல்யாணத்துக்கு என் ப்ரெசென்ட்" என்று அவரே மாடியேறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் படியில் தண்ணீர் வரவில்லை என்று பிறகு ஒருநாள் கடைக்கு வந்து சொன்னார்.

கடைக்காரர்கள் யாரும் வாங்கி வைக்கத் தயாராக இல்லை. வளையல் கடையில் கேட்டால் பூஜை சாமான் கடைக்குப் போகச் சொன்னார்கள். பூஜை சாமான் கடையில் ஸ்டேஷனரிக்குப் போகச் சொன்னார்கள். அடித்து வைத்த கோலங்கள் கடை அலமாரியில் சுருண்டு கிடந்தன. அந்த நேரத்தில்தான் ரேணுகாம்பாள் வந்தாள்.

ரேணுகாம்பாள் கோவளத்துக் குப்பத்தில் பிறந்தவள். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாத பிறகு தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்றாள். கூடை தூக்கித் தூக்கி முழங்கால் விட்டுப்போனதும், மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியில் ஊக்கு, ஹேர்பின், ஸ்டிக்கர் பொட்டு விற்க ஆரம்பித்தாள். தாம்பரத்துக்கும் பீச் ஸ்டேஷனுக்கும் நடுவே ஆபீஸ் போகிற பெண்களுக்கெல்லாம் அவளைத் தெரியும். பொட்டு அட்டையில் தன் பெயரை அடித்துத் தர முடியுமா என்று கேட்கத்தான் கடைக்கு வந்தாள். வந்தவள் அலமாரியைப் பார்த்தாள்.

"இது இன்னாமே?"

கிளியம்மாள் சொன்னாள். யாரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள் என்பதையும் சொன்னாள்.

"நெத்திப் பொட்டையே ஸ்டிக்கர்ல வெச்சிக்கினு போறாளுங்கோ. வாசக் கோலத்துக்கு மட்டும் இன்னா வந்துச்சி? குடு ஒரு கட்ட. வித்தா துட்டு, விக்காங்காட்டி சரக்கு."

மறுநாள் கிளியம்மாளும் கூடப் போனாள். பெட்டியில் கூட்டம் நெரிந்தது. பல்லாவரம் தாண்டியதும் ரேணுகாம்பாள் குரலை உயர்த்தினாள். "அக்கா, தங்கச்சி, அல்லாரும் காலக் கொஞ்சம் தூக்குங்க!" என்ன ஏதென்று தெரியாமல் எல்லோரும் காலைத் தூக்கினார்கள். பின்தாளை உரித்து, ரயில் பெட்டியின் தரையில் ஒரு தாமரைக் கோலத்தைச் சட்டென்று ஒட்டிவிட்டு எழுந்தாள்.

"மெதிச்சிப் பாரு, அழியாது. தண்ணி ஊத்து, போவாது. மாடி வூட்ல சண்ட வராது. ஏழு மணி ட்ரெய்ன புடிக்கறவ எந்நேரத்துக்கு எழுந்து கோலம் போடுவா, சொல்லு!"

அந்தக் கடைசி வாக்கியம்தான் வேலை செய்தது. பெட்டியில் இருந்த பாதிப் பேர் தூக்கம் போதாத கண்களோடு ஆபீஸுக்குப் போகிறவர்கள். கிண்டி வருவதற்குள் கட்டு காலி. தரையில் ஒட்டினது அந்தப் பெட்டியிலேயே இருந்துவிட்டது. பிறகு பல வாரங்களுக்குத் தாமரைப் பெட்டி என்றே பெண்கள் அதைச் சொன்னார்கள். அதில் ஏறினால் யாரும் அந்தக் கோலத்தின் மேல் செருப்பு வைக்கமாட்டார்கள்.

அந்த வருடங்களை நினைத்தால் கிளியம்மாளுக்கு மை வாசனையும் ரயிலின் இரைச்சலும்தான் சேர்ந்து வரும். லோகநாதன் கல்யாணப் பத்திரிகையைக் குறைத்துக்கொண்டான். மில் பக்கத்து அறையையும் வாடகைக்கு எடுத்து, காய வைக்கக் கயிறு கட்டினார்கள். வரிசையாகத் தொங்குகிற சிவப்புக் கோலங்களுக்கு அடியில் குனிந்து குனிந்துதான் நடக்க வேண்டும். மதியத்தில் மூவரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ரேணுகாம்பாள் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தால், "கோலத்துல வாசன ஏறப்போவுது" என்று லோகநாதன் கத்துவான்; கத்திவிட்டு முதலில் கை நீட்டுவதும் அவன்தான். எது விற்கிறது, எது விற்கவில்லை என்று ரேணுகாம்பாள் வந்து சொல்வாள். "மயிலு போவுது. இந்த எட்டுப்புள்ளிய எவளும் தொட மாட்டேங்கறா. வூட்டுக்காரிங்களுக்குப் போடத் தெரிஞ்சத வாங்க மாட்டாளுங்க, போடத் தெரியாததத்தான் வாங்குவாளுங்க." கிளியம்மாள் அதைப் பிடித்துக்கொண்டாள். கையால் போடக் கஷ்டமான கோலங்களாக வரைய ஆரம்பித்தாள். அன்னம், யானை, எதிரெதிரே முகம் பார்க்கும் கிளிகள்.

கோலம் கடல் கடந்து போனது சத்தியநாதன் மூலமாக. பல்லாவரத்துக்காரன். சிங்கப்பூருக்கும் மெட்ராசுக்கும் சாமான் தூக்குகிற தொழில். அப்படிப்பட்டவர்களைக் குருவி என்று சொல்வார்கள். போகும்போது புடவை, முறுக்கு; வரும்போது டேப் ரெக்கார்டர், சென்ட். ஒரு தீபாவளிக்கு முன் பெட்டியில் கொஞ்சம் இடம் மிஞ்சியதால் ஒரு கட்டுக் கோலத்தைப் போட்டு எடுத்துப்போனான். சிராங்கூன் ரோட்டில் சம்பந்தம் என்பவரின் பூஜை சாமான் கடையில் அது ஒரே நாளில் போய்விட்டது.

திரும்பி வந்தவன் கடையில் உட்கார்ந்து விவரித்தான். "அங்க எல்லாம் கவர்மென்ட் வூடு அக்கா. அடுக்கடுக்கா. கதவத் தொறந்தா நீளமா ஒரு வராந்தா. அது பொது எடம். மாவு கொட்டக் கூடாது, தண்ணி ஊத்தக் கூடாது. செருப்பு ஸ்டாண்டுக்கும் கதவுக்கும் நடுவுல இவ்ளோதான் எடம்" என்று கையால் காட்டினான்.

கிளியம்மாள் அந்தக் கையின் அகலத்தைத் தாளில் குறித்துக்கொண்டாள். தான் பார்த்தேயிராத வாசலுக்கு வரைவது புது அனுபவம். வட்டக் கோலம் அங்கே ஆகாது. நீட்டுவாக்கில், கதவின் அடியில் படுத்திருக்கிற மாதிரி வேண்டும். நடுவில் கலசம், இரண்டு பக்கமும் ஒவ்வொரு கிளி. அந்த வரிசைக்கு அவர்களே வைத்த பெயர் சிங்கப்பூர் வாசல். அடுத்தடுத்த தீபாவளிகளுக்கு அந்த வரிசை பெட்டி பெட்டியாகப் போயிற்று. கோலாலம்பூரிலிருந்தும் கேட்டார்கள்.

தொண்ணூற்று இரண்டில், தீபாவளிக்கு மாதக்கணக்கில் நேரம் இருக்கும்போதே, சம்பந்தம் கடையிலிருந்து சத்தியநாதன் வெறுங்கையோடு வந்தான். "இந்த வருஷம் கோலம் வேணாம்னுட்டாங்க அக்கா."

"ஏன்?"

"கேட்டேன். சிரிக்கிறாரே தவிர காரணம் சொல்ல மாட்டேங்கிறார்."

லோகநாதன் போய்ப் பார்க்கலாம் என்றான். ஆனால் விமானம் ஏற அவனுக்குப் பயம். கடைசியில் போனது கிளியம்மாளும் ரேணுகாம்பாளும். மீனம்பாக்கத்தில் விமானம் மேலே எழும்பி வளைந்தபோது, ரேணுகாம்பாள் ஜன்னலில் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு கீழே ரயில் பாதையைத் தேடினாள். அப்புறம் கடல் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

சத்தியநாதனுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் சிங்கப்பூரில் ஆங் மோ கியோ என்ற பகுதியில் இருந்தது. அவர்கள் வீட்டில்தான் தங்கினார்கள். காலையில் மாடியிலிருந்து இறங்கும்போது, ஒரு வராந்தாவில் கிளியம்மாள் நின்றுவிட்டாள். ஒரு கதவின் முன்னால் கலசமும் இரண்டு கிளிகளும். தன் கோலம். மண்டி போட்டுத் தொட்டுப் பார்த்தாள். தாள் தடிமனாக, பளபளவென்று இருந்தது. தன் சரக்கு இல்லை. ஆனால் வலப்பக்கக் கிளியின் அலகு லேசாகத் திறந்திருந்தது. வரைகிற அன்றைக்குப் பேனா வழுக்கி அப்படி ஆகிவிட்டது. நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டிருந்தாள். அந்த வழுக்கலும் அப்படியே இருந்தது.

கதவு திறந்தது. ஒரு தமிழ்ப் பெண், இடுப்பில் குழந்தையோடு. "யாரு வேணும்?"

"இந்தக் கோலம் போட்டது இவதாம்மா" என்றாள் ரேணுகாம்பாள்.

அந்தப் பெண் சிரித்தாள். "இல்லைங்க, இது நான்தான் ஒட்டினேன்."

விஷயத்தைச் சொல்லிப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவள் இருவரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து மைலோ கலக்கிக் கொடுத்தாள். புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண். கல்யாணம் ஆகி வந்தவள். "இந்த வராந்தால எல்லாக் கதவும் ஒரே மாதிரி. வந்த புதுசுல ரெண்டு தடவை பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிட்டேன். இதை ஒட்டின பிறகுதான் என் வீடுன்னு தெரிஞ்சுது" என்றாள். உள்ளே எரிந்துகொண்டிருந்த கோபத்தோடு அதைக் கேட்டாள் கிளியம்மாள். தம்ளரை வைத்துவிட்டுக் குழந்தையின் காலைத் தடவிக் கொடுத்தாள்.

அங்கிருந்து சம்பந்தம் கடைக்குப் போக மின்சார ரயில் ஏறினார்கள். குளுகுளுவென்று, பளபளவென்று, சத்தமே இல்லாத ரயில். நாலு ஸ்டேஷன் ரேணுகாம்பாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பையில் கையை விட்டு ஒரு கோலத்தை எடுத்தாள்.

"அக்கா, வேணாம். இங்க பைன் போடுவாங்களாம்!" கிளியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒட்ட மாட்டேன்மே. சும்மா கையில வெச்சிக்கினு கீறேன். பாக்கறவங்க பாக்கட்டும்."

எதிரில் உட்கார்ந்திருந்த மலாய்க்காரக் கிழவி ஒருத்தி பார்த்தாள். ஏதோ கேட்டாள். ரேணுகாம்பாள் தமிழில் பதில் சொன்னாள். இறங்கும்போது கோலம் கிழவியின் மடியில் இருந்தது; ரேணுகாம்பாளின் கையில் ஒரு ஆரஞ்சுப் பழம் இருந்தது.

சம்பந்தம் நல்ல மனிதர்தான். இரண்டு பேரையும் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. ஸ்டூல் எடுத்துப் போட்டார். கேலாங் பக்கத்தில் இருக்கிற ஒரு சீன அச்சகக்காரர் மாதிரித் தாள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டியதையும், விலை குறைவாக இருந்ததையும் மறைக்காமல் சொன்னார். "அதோட அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க சரக்கு மழை ஈரத்துல ஓரம் சுருண்டுக்குது. வாங்கினவங்க கொண்டுவந்து திருப்பிக் குடுக்கறாங்க. இவரோடது சுருளல."

"அது என் கோலம்" என்றாள் கிளியம்மாள்.

"கோலத்துக்கு யாருக்கா சொந்தக்காரங்க? காலங்காலமா எல்லாரும் போடறதுதானே?"

அச்சகக்காரர் அடித்த கோலம் ஒன்று கல்லா மேல் கிடந்தது; கிளியம்மாள் அதைக் கையில் எடுத்தாள். மார்கழியில் முடிச்சூர்த் தெருக்களில் நடந்து, எந்த வாசலில் எது புதுசு என்று பார்த்துப் பார்த்துத்தானே அவளும் கற்றுக்கொண்டாள்? ரேணுகாம்பாள் ஸ்டூலிலிருந்து எழுந்தாள்.

"கோலத்துக்கு சொந்தக்காரி கெடையாது. சரி, ஒத்துக்கினேன். இந்தக் கிளிக்கு கீறா. வாயத் தொறந்துகினு நிக்கிதே, இந்த மாதிரி கிளிய எந்த வாசல்லயாச்சும் பாத்துக்கீறியா நீ? இவ கை வழுக்குனது அது. வழுக்குனதக்கூட வுடாம அடிச்சிக்கீறான் உன் சீனாக்காரன்."

சம்பந்தம் கோலத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, "அடுத்த பொங்கலுக்குப் புதுசா ஏதாவது வரைஞ்சிருக்கீங்களா?" என்று தயங்கிக் கேட்டார்.

"வரைஞ்சாத்தான் இருக்கும். தாள் குடுங்க."

கடையின் கல்லா மேஜையிலேயே உட்கார்ந்து வரைந்தாள். கரும்பு, பொங்கல் பானை, இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்கிற மாடுகள். வாங்க வந்தவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். சாயங்காலம் சம்பந்தமே அவர்களை அச்சகத்துக்கு அழைத்துப் போனார். டான் என்ற அந்தச் சீனர் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, கையெல்லாம் மையாக, லோகநாதனைப் போலவே இருந்தார். அவர் நினைத்திருந்தது, இது ஏதோ பழைய கோயில் சித்திரம், யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று. வரைந்தவள் எதிரே நிற்கிறாள் என்று சம்பந்தம் மொழிபெயர்த்துச் சொன்னதும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, நாற்காலியைக் காட்டினார். முடிவாகப் பேசிக்கொண்டது இதுதான்: கிளியம்மாள் வரைந்து அனுப்புவாள், அவர் அடிப்பார், ஒவ்வொரு கோலத்துக்கும் அவளுக்குத் தனிக் கூலி, தாளின் ஓரத்தில் ஒரு சின்னக் கிளி இருக்கும். அந்தக் கிளியைப் போடச் சொன்னது ரேணுகாம்பாள்.

நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் அங்கே சுவர் முழுக்க நின்ற மெஷின் தானாகத் தாளை இழுத்து, தானாக அடித்துத் தள்ளுவதைப் பார்த்தபோது, மில் சந்தில் கை வலிக்க வலிக்க அடிக்கிற ஒருவன் ஞாபகம் வந்து கிளியம்மாள் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

தாம்பரம் வந்து எல்லாவற்றையும் லோகநாதனிடம் சொன்னாள். அவன் சில நாட்கள் மேஜைப் பக்கமே போகவில்லை. சைக்கிள் கடையில் போய் உட்கார்ந்திருப்பான். கூப்பிட்டால் வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் அங்கேயே போவான். ஒரு மத்தியானம் கிளியம்மாள் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"வேணாம்னு சொல்லிடட்டுமா?"

"இன்னாத்துக்கு?" என்றான் அவன். "வரையறவ நீ. நான் அமுக்கறவன். அமுக்கறதுக்கு எங்க வேணா ஆள் கெடைப்பான். இவ்ளோ நாளா அது எனுக்குத் தெரியாம இல்ல. யாரும் சொல்லாம இருந்தாங்க, அவ்ளோதான்."

"நீங்க பிரேம் கட்டிக் குடுக்காம நான் எதுல வரைஞ்சிருப்பேன்?"

அவன் எழுந்து அலமாரியைக் கிளறினான். "அந்தாளோட தாளு ஒண்ணு எடுத்தாந்தியே, அது எங்க? ஓரம் ஏன் சுருளல, அதப் பாக்கணும்" என்றான். அதைத் தண்ணீரில் ஊறப்போட்டான், வெயிலில் காயவைத்தான், பசையைச் சுரண்டி மோந்து பார்த்தான். பாரிமுனையில் பசை விற்கிற கடை கடையாக ஏறி இறங்கி, அடுத்த மார்கழிக்குள் தன் தாளையும் சுருளாமல் செய்துவிட்டான். சிங்கப்பூருக்கு இல்லாவிட்டாலும், செங்கல்பட்டு முதல் கும்மிடிப்பூண்டி வரை அவன் அடித்ததுதான் போயிற்று.

தொண்ணூறுகளின் மிச்சமெல்லாம் அப்படியே ஓடிற்று. முடிச்சூரிலும் பெருங்களத்தூரிலும் மனைகளெல்லாம் வீடாகின, வீடுகள் மாடியாகின. ஒவ்வொரு மாடிக்கும் ஒரு வாசல், ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு கோலம். கோலாலம்பூருக்கு மயில் வேண்டும், அதுவும் பச்சை நீலத்தோடு. கொழும்புக்கு வெறும் வெள்ளை போதும். பினாங்கிலிருந்து ஒருவர் தாமரையை மட்டும் கேட்டு எழுதினார். பிறகுதான் தெரிந்தது, அதை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் புத்தர் மாடத்துக்கு முன்னால் ஒட்டுகிறார்கள் என்று. கிளியம்மாளுக்கு அதில் சந்தோஷம்தான். பெருங்களத்தூரில் சொந்தமாக ஷெட் போட்டார்கள். பக்கத்து ஊர்ப் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். மில் பக்கத்து அறையை விட்டு வந்த அன்று, காயவைக்கிற கயிறுகளை அவிழ்க்க லோகநாதனுக்கு மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டான்.

ரேணுகாம்பாள் ரயிலை விட்டது தொண்ணூற்று ஏழில். மகன் ரங்கன் கோவளத்தில் மாடி வீடு கட்டினான். அம்மாவைக் கையோடு கூட்டிப்போய்விட்டான். குடிபோகிற அன்றைக்குக் கிளியம்மாளும் லோகநாதனும் பஸ் பிடித்துப் போனார்கள். கிளியம்மாள் அந்த வாசலுக்கென்றே தனியாக ஒன்று வரைந்து, லோகநாதனைக் கையால் அடிக்கச் செய்து கொண்டுவந்திருந்தாள். அலைகள், அதன்மேல் கட்டுமரம், சுற்றிலும் வஞ்சிர மீன்கள்.

ரேணுகாம்பாள் அதைக் கையில் வாங்கி, மீன்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தாள். "வஞ்சிரத்துக்கு வாலு இப்டித்தான் கீது. யாரு சொன்னா உனுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

ஒட்டப் போனால் ஒட்டவில்லை. கடற்கரை மணல். துடைத்தால் மறுபடி காற்று கொண்டுவந்து கொட்டியது. ஈரத் துணியால் துடைத்து லோகநாதன் அழுத்திப் பிடித்தான். கையை எடுத்ததும் ஓரம் எழும்பியது. பசைக்காகப் பாரிமுனையெல்லாம் அலைந்தவன், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மணலை முறைத்தான். ரங்கனும் வந்து முறைத்தான்.

"வுடுங்கடா. அத சட்டம் போட்டு நடு வூட்ல மாட்டலாம்" என்றாள் ரேணுகாம்பாள். உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் கோலமாவு எடுத்துவந்து நீட்டினாள். "இந்தா கிளி. நீயே போடு."

கிளியம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்தாள். இரண்டு இழை இழுத்ததும் அவளுக்கே தெரிந்துவிட்டது. வருடக்கணக்காகப் பேனா பிடித்த விரல். மாவு ஓரிடத்தில் கொட்டியது, ஓரிடத்தில் அறுந்தது. யானை போடப் போனாள், பன்றி மாதிரி வந்தது.

"இன்னாமே இது? சிங்கப்பூர் வரிக்கும் போனவ கையா இது?" ரேணுகாம்பாள் சிரித்துச் சிரித்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கிளியம்மாளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. காற்று அடித்து, போட்டதையும் பாதி தூக்கிக்கொண்டு போயிற்று. அவள் மறுபடியும் போட்டாள். இந்தத் தடவை கொஞ்சம் பரவாயில்லை.

மத்தியானம் வஞ்சிரம் வறுத்துப் போட்டார்கள். லோகநாதன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்து, வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து, ரயிலில் எந்த ஆபீஸ்காரிக்கு எந்தக் கோலம் பிடிக்கும், யார் முதலில் வாங்கினாள், யார் பேரம் பேசியே சைதாப்பேட்டையில் இறங்கிப்போனாள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தாம்பரம் பஸ் வந்து போயிற்று. அடுத்த பஸ்ஸில் போகலாம் என்றாள் ரேணுகாம்பாள். கிளியம்மாளும் லோகநாதனும் எழுந்திருக்கவில்லை.